‘மழை’ (1929): பன்னிரண்டு நிமிட மௌனப் படத்தின் காட்சிமொழியும் நம் ஐப்பசி மழையும்

கேள்வி
அரசலாற்றங்கரை, கும்பகோணம்

அவையினர் அனைவருக்கும் வணக்கம்.

யோரிஸ் ஈவன்ஸும் மான்னுஸ் ஃபிராங்கனும் சேர்ந்து ஆம்ஸ்டர்டாம் நகரில் எடுத்து 1929-இல் வெளிவந்த ‘மழை’ என்னும் மௌனக் குறும்படத்தைப் பற்றி இங்கே சில ஐயங்களைக் கேட்க விரும்புகிறேன். டச்சு மொழியில் அதன் பெயர் ‘ரேகன்’. ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். கதை கிடையாது, கதைமாந்தர் கிடையாது. வெயிலில் கிடக்கும் நகரம், கொடியில் படபடக்கும் துணிகள், எழும்பும் காற்று, கால்வாய் நீரில் முதல் துளி வரையும் வட்டம், தூறுகிறதா என்று பார்க்க நீளும் ஒரு கை, சாத்தப்படும் சன்னல், விரியும் குடைகள், நனைந்தபடி போகும் டிராம், பிறகு மழை வெறித்து மறுபடியும் வெளிச்சம். இவ்வளவுதான் படம். ஆனால் பார்த்து முடிக்கும்போது சட்டையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

இதை இருபது முறைக்கு மேல் பார்த்துவிட்டேன். அந்த ஊக்கத்தில் சென்ற ஐப்பசி முழுவதும் கைப்பேசிக் கேமராவோடு கும்பகோணத்தைச் சுற்றி அலைந்து ஏறத்தாழ நான்கு மணி நேரக் காட்சிகளைப் பிடித்து, பத்து நிமிடப் படமாக வெட்டித் தொகுத்தேன். மகாமகக் குளத்தின் படிகளில் தெறிக்கும் துளி, பாலக்கரையில் தேங்கிய நீரைக் கிழித்துப் போகும் பேருந்து, எங்கள் வீட்டு முற்றத்தில் இறவாரத்துக்கு நேர்கீழே அம்மா வைக்கும் பித்தளை அண்டா. அந்த அண்டாக் காட்சியில் எனக்குப் பெருமையே உண்டு. முதலில் அடிப்பாகத்தில் துளி விழுந்து தெறிக்கும். நீர் ஏற ஏறத் தெறிப்பு குறைந்து, வட்டங்கள் ஒன்றோடொன்று மோதும். கடைசியில் விளிம்பு வரை நிறைந்து, நீர் வழியாமல் ஒரு கணம் விளிம்புக்கு மேலே உப்பி நிற்கும். அதை நான்கு மடங்கு மெதுவாக ஓட்டியிருந்தேன்.

நூலக நண்பர்கள் சிலருக்குத் திரையிட்டுக் காட்டினேன். எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் மட்டும், “எல்லாம் சரி தம்பி, உன் படத்தில் மழை பெய்யவே இல்லையே” என்றார். அன்று இரவு மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு துண்டும் தனித்தனியே நன்றாக இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் மழை இல்லை.

அந்தப் பழைய படம் செய்கிற எதை நான் செய்யவில்லை என்பதே என் கேள்வி. அதன் காட்சிப் பாணி வெறும் அழகுதானா, அதற்குள் ஒரு முறை இருக்கிறதா? பின்னால் வந்தவர்களுக்கு அது விட்டுச்சென்றது என்ன? இசை சேர்க்கலாமா, சேர்த்தால் எப்படிப்பட்ட இசை என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். வரும் ஐப்பசியில் மீண்டும் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.


மறுமொழி
மேலவீதி ஒளிப்படக்காரர், தஞ்சாவூர்

தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளாகத் திருமணங்களைப் படம்பிடித்து வருகிறேன். ஐப்பசி முகூர்த்தங்களில் மழையோடு மல்லுக்கட்டிப் பழகியவன் என்ற முறையில், நான் அறிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் ஒளி. மழையைக் கேமரா பார்ப்பதில்லை. வெளுத்த வானத்தைப் பின்னணியாக வைத்து எவ்வளவு பெரிய மழையை எடுத்தாலும் படத்தில் ஒன்றும் தெரியாது. துளிக்குப் பின்னால் இருட்டு வேண்டும், துளியின் முதுகில் வெளிச்சம் வேண்டும். புளியமரத்தடி, தென்னந்தோப்பின் நிழல், திறந்து கிடக்கும் ரேழியின் உள்ளிருட்டு, இவற்றுக்கு முன்னே பெய்தால்தான் மழை கோடு கோடாகத் தெரியும். காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம் என்று நாம் சொல்கிற வெயில்மழையில் சூரியனை நோக்கிக் கேமராவைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு துளியும் எண்ணும்படி தெரியும். மற்ற நேரங்களில் மழையைக் காட்ட ஒரே வழிதான் இருக்கிறது: அது எதைத் தொடுகிறதோ அதைக் காட்டுவது. ஈவன்ஸ் செய்ததும் அதுதான். அவர் படத்தை ஒலி இல்லாமல், படத்தின் பெயரும் தெரியாமல் பார்த்தால், வானிலிருந்து விழும் நீரைவிட நனைந்த பொருள்களைத்தான் அதிகம் காண்பீர்கள். கல் பாவிய தெரு நனைந்ததும் கண்ணாடியாகிறது. அதுவரை காலுக்குக் கீழே கிடந்த தரை, ஆளையும் விளக்கையும் தலைகீழாக ஏந்திக் காட்டுகிறது. குடை என்பது ஆளை மறைத்து நகரும் கறுப்பு வட்டமாகிறது. டிராமின் சன்னல் கண்ணாடியில் நீர் வழியும்போது நகரமே கலைந்து கலைந்து சேர்கிறது. மழை வந்த பிறகு அந்த நகரத்தின் பொருள்கள் எல்லாம் வேறு பொருள்களாக மாறிவிடுகின்றன என்பதைத்தான் அவர் பன்னிரண்டு நிமிடமும் காட்டுகிறார்.

இரண்டாவது செய்தி உங்களுக்கு மிகவும் தேவையானது. அந்தப் படத்தில் நாம் பார்ப்பது ஒரு மழை. எடுக்கப்பட்டதோ பல மாதங்களில் பெய்த பல மழைகள். ஈவன்ஸ் மழைக்கோட்டையும் ரப்பர் காலணியையும் எந்நேரமும் எடுத்துச்செல்லும்படி கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தார். நகரின் வெவ்வேறு பகுதிகளில் இருந்த நண்பர்களிடம், தமக்கு வேண்டிய மாதிரி மழை அங்கே பிடித்தால் தொலைபேசியில் அழைக்கச் சொல்லியிருந்தார். இன்று எடுத்த முதல் துளி, வேறொரு மாதத்தில் எடுத்த குடை, இன்னொரு நாளின் சாக்கடை நீர் இவற்றையெல்லாம், தொடங்கி, வலுத்து, ஓய்ந்து, வெறிக்கின்ற ஒரே மழையாகக் கோத்தார். ஆகையால் அவர் ஒவ்வொரு துண்டையும் எடுக்கும்போதே, இது மழையின் எந்தக் கட்டம் என்று அறிந்து எடுத்திருக்கிறார். நீங்களும் ஐப்பசி முழுவதும் பெய்த மழையை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் தூறல் எப்போது சாரலாகி, சாரல் எப்போது கொட்டத் தொடங்கியது என்பது உங்கள் தொகுப்பில் இருக்காது என்று எண்ணுகிறேன். மழைக்கு முன்னால் இருந்த காய்ந்த தெருவை எடுத்தீர்களா? காய்ந்த தரையைக் காட்டாதவர் நனைந்த தரையைக் காட்ட முடியாது.

உங்கள் அண்டாக் காட்சியைப் பற்றியும் ஒரு சொல். அதை மெதுவாக ஓட்டியதுதான் பிழை. நான்கு மடங்கு மெதுவாக விழும் நீர் எண்ணெய் போலவும் தேன் போலவும் விழுகிறது. மழைக்கு ஒரு வேகம் உண்டு. அதை எடுத்துவிட்டால் அழகு மிஞ்சும், மழை போய்விடும். ஈவன்ஸின் படம் அந்த வித்தையை நம்பி நிற்கவில்லை. அவர் கையில் இருந்தது எமானுவேல் கோல்ட்பர்க் வடிவமைத்த கினாமோ என்னும் சிறிய கேமரா. 35 மி.மீ. படச்சுருளில் ஓடுவது, சாவி முடுக்கினால் தானே சுழல்வது, முக்காலி இல்லாமல் கையில் ஏந்தியே எடுக்கக்கூடியது. 25 மீட்டர்ச் சுருளைப் போட்டால் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஓடும். ஈவன்ஸின் தந்தையார் ஒளிப்படக் கருவிகள் விற்கும் கடைகளை நடத்தியவர். மகன் பெர்லினில் ஒளிப்பட வேதியியல் படித்து, ஜெர்மனியின் கேமரா ஆலைகளில் பயிற்சி பெற்றவர். கருவியை அறிந்தவர் கையில் குறைந்த சுருள் இருந்ததால், எடுப்பதற்கு முன்பே பார்த்து முடிவு செய்தார். நம் கையில் நான்கு மணி நேரம் எடுக்கும் வசதி இருக்கிறது. நானும் அந்த வசதியால் கெட்டிருக்கிறேன், தம்பி. ஆகவே இதைக் குறையாகச் சொல்லவில்லை.


மறுமொழி
ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

தஞ்சை நண்பர் சொன்ன நுட்பங்களை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்தப் படத்தை நுட்பத்தோடு நிறுத்திவிட்டால், அதன் பின்விளைவில் பாதியை விட்டுவிடுவோம்.

அந்தக் காலத்தில் நகரங்களைப் பற்றிய படங்கள் பல வந்தன. 1926-இல் கவல்காந்தி பாரிஸை எடுத்தார்; 1927-இல் வால்டர் ருட்மன் பெர்லினை விடியல் முதல் இரவு வரை ஒரு நாளாக எடுத்தார்; 1929-இல் சோவியத் நகரங்களைக் காட்டும் ஜீகா வெர்தோவின் படம் வந்தது. எல்லாம் பெரிய படங்கள், நகரத்தையே அள்ள முயன்றவை. ஈவன்ஸும் ஃபிராங்கனும் நகரத்தின் ஒரு நாளைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பாட்டம் மழையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சிறிய சட்டத்தைத் தேர்ந்ததால்தான் அவர்களால் அவ்வளவு நெருங்க முடிந்தது என்பது என் கருத்து. அதற்கு முந்தைய ஆண்டு ஈவன்ஸ் ராட்டர்டாமில் மேலும் கீழும் ஏறி இறங்கும் ஒரு ரயில் பாலத்தை மட்டும் வைத்து ‘பாலம்’ என்ற படத்தை எடுத்திருந்தார். 1927-இல் ஆம்ஸ்டர்டாமில் ‘ஃபில்ம்லிகா’ என்ற திரைப்படக் கழகத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். வணிகத் திரையரங்குகள் காட்டாத படங்களைப் பார்த்துப் பழகிய கூட்டத்திலிருந்து வந்தவர் என்பதை நாம் மறக்கக் கூடாது. நம் பகுதியில் வெள்ளைத் துணி கட்டி உலகப் படங்களைத் திரையிட்டு வளர்ந்த கழகங்களை அறிந்தவன் என்பதால் இது என் மனத்துக்கு நெருக்கமான செய்தி.

ஹங்கேரியைச் சேர்ந்த பேலா பலாஷ் தம் திரைப்படக் கோட்பாட்டு நூலில் இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது, இது ஏதோ ஒரு நாளில் ஏதோ ஓரிடத்தில் பெய்த குறிப்பிட்ட மழை அன்று என்கிறார். காலமும் இடமும் கழன்றுபோய், மழை நம் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறது என்பது மட்டும் எஞ்சுகிறது என்பது அவர் கருத்து. இது பாராட்டு மட்டும் அன்று; ஒரு எல்லையையும் காட்டுகிறது. ஈவன்ஸே பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில், படத்தில் உள்ளடக்கம் குறைவு என்று எழுந்த குற்றச்சாட்டை ஒரு வகையில் ஏற்றுக்கொண்டார்: பெருநகரத்து மனிதர்கள் மழையை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதற்குத் தாம் போதிய அழுத்தம் தரவில்லை, எல்லாவற்றையும் அழகுக்கு உட்படுத்திவிட்டேன் என்ற பொருள்பட எழுதினார்.

நான்கு ஆண்டு கழித்து, 1933-இல், அவர் என்ன எடுத்தார் என்பதைப் பாருங்கள். ‘புதிய நிலம்’ என்ற படம். டச்சுக்காரர்கள் ஸூடர்சே என்னும் கடற்பகுதியை 32 கிலோமீட்டர் நீள அணை கட்டி 1932-இல் மூடி, நீரை இறைத்து, கடலடியை வயலாக்கிய வேலையைப் பற்றியது. அணையின் கடைசி வாய் மூடப்படும் காட்சியை, மழைத்துளியைப் பார்த்த அதே கண்ணோடுதான் எடுத்திருக்கிறார். ஆனால் படம் அத்தோடு முடியவில்லை. அத்தனை உழைப்பில் விளைந்த கோதுமை, உலகப் பொருளாதார வீழ்ச்சியில் விலை போகாமல், மக்கள் பசித்திருக்கும்போதே அழிக்கப்படுவதைக் கடைசிப் பகுதியில் வைத்து வெட்டினார். அதே ஆண்டு ஆன்ரி ஸ்டார்க்குடன் சேர்ந்து பெல்ஜியத்தின் போரினாஜ் சுரங்கத் தொழிலாளர் நிலையைப் படமாக்கினார். ‘மழை’யின் பின்விளைவைத் தேடினால், மற்றவர்கள் எடுத்த துளிகளைவிட, ஈவன்ஸ் தம் கண்ணைத் திருப்பிய திசையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

நம் மண்ணுக்கு வருவோம். நமக்கு நீர் இரண்டு வழியில் வருகிறது: மேட்டூரிலிருந்து ஆற்றில் வருவது ஒன்று, ஐப்பசியில் கடலிலிருந்து மேகமாக வருவது மற்றொன்று. அந்த இரண்டாவது நீர் வரும் நேரத்தில்தான் குறுவை அறுவடை நடந்துகொண்டிருக்கும், சம்பாவோ இளம்பயிராக நிற்கும். ஒரே மழை ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் இழப்பு. சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பியின் நெல், கொள்முதலுக்காகச் சாலையோரம் பதினொரு நாள் கிடந்து, மழையில் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டது. சாக்கின் பின்னலுக்குள்ளிருந்து வெள்ளை முளை ஊசி ஊசியாக எட்டிப் பார்த்ததை நான் கையால் தடவிப் பார்த்தேன். ஆம்ஸ்டர்டாமில் மழை என்றால் குடை விரிப்பது. இங்கே மழை என்றால் நள்ளிரவில் எழுந்து தார்ப்பாயைத் தேடுவது. உங்கள் படத்தில் மழை பெய்யவில்லை என்று அந்த மூத்தவர் சொன்னதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், தம்பி. மழை யாருக்குப் பெய்தது என்பது அதில் இல்லை.


மறுமொழி
அரசலாற்றங்கரை, கும்பகோணம்

இரு பெரியவர்களுக்கும் என் நன்றி. மன்னார்குடி ஐயாவின் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு, வெட்டி ஒதுக்கிய காட்சிகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். திருப்பனந்தாள் சாலையில் எடுத்த துண்டு ஒன்று இருக்கிறது. சாலையில் நெல் காயப்போட்டிருக்கிறார்கள். காற்று திரும்புகிறது. ஓர் அம்மா வானத்தைப் பார்க்காமல், கால் பெருவிரலால் நெல்லைக் கிளறிப் பார்க்கிறார். பிறகு பலகையால் அவசரமாகக் கூட்டிக் குவிக்கிறார்கள். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்த சிறுவன் தார்ப்பாயின் ஒரு மூலையை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். நான்கு மூலையிலும் செங்கல் வைப்பதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. கேமரா ஆடுகிறது, ஏனென்றால் நானும் ஒரு மூலையைப் பிடிக்க ஓடியிருக்கிறேன். காட்சி அழகாக இல்லை என்று நீக்கிவிட்டேன்.

இப்போது குழப்பம் இதுதான். இதைச் சேர்த்தால், தஞ்சை ஐயா விளக்கிய தூய காட்சிமொழி உடைந்து, படம் செய்திப்படம் போல ஆகிவிடாதா?


மறுமொழி
மேலவீதி ஒளிப்படக்காரர், தஞ்சாவூர்

உடையாது. ஆசிரியர் ஐயா சொன்னதையும் நான் சொன்னதையும் இரண்டு கட்சியாக எண்ண வேண்டாம். மழை எதைத் தொடுகிறதோ அதைக் காட்டுங்கள் என்றேன். தார்ப்பாயும் மழை தொடுகிற பொருள்தான். உங்கள் ஊர் மழையை அறிய அண்டாவைவிடத் தார்ப்பாயே நல்ல பொருள். அதன் மடிப்புகளில் நீர் தேங்கிக் கனத்து, நடுவில் தொய்ந்து, உள்ளே நெற்குவியலின் வடிவம் மேலே தெரிவதை நெருங்கி எடுத்தால், ஒரு சொல்லும் இல்லாமல் எல்லாம் விளங்கும். ஈவன்ஸின் அந்த நீளும் கையை நினைத்துப் பாருங்கள். படத்தில் எத்தனையோ துளிகள் இருக்க, நம் நினைவில் முதலில் நிற்பது அந்தக் கைதான். அந்த அம்மாவின் கால் விரல் உங்களுடைய கை. அதை எடுத்துவைத்துக்கொண்டு, குளத்துப் படியை எடுத்தெறியுங்கள்.

கேமரா ஆடியதை அப்படியே வையுங்கள். கினாமோவில் எடுத்த படங்களும் ஆடியிருக்கின்றன.


மறுமொழி
கமலாலயம் மேல்கரை, திருவாரூர்

வயலின் கற்பிப்பவள் என்பதால் இசையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் மறுமொழி எழுதுகிறேன்.

‘மழை’ மௌனப் படமாகப் பிறந்தது. 1932-இல் லோ லிக்ட்வெல்ட் என்னும் டச்சு இசையமைப்பாளரின் இசையோடு ஒலிப்படமாக வந்தது. பிறகு 1941-இல், நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்காவில் வாழ்ந்த ஹான்ஸ் ஐஸ்லர், திரைப்பட இசையைப் பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தின் பகுதியாக இதே படத்துக்கு ‘மழையை விவரிக்கப் பதினான்கு வழிகள்’ என்ற இசையை எழுதினார். புல்லாங்குழல், கிளாரினெட், வயலின் அல்லது வயோலா, செல்லோ, பியானோ என்று ஐந்தே கலைஞர்கள். அதைத் தம் ஆசிரியர் ஆர்னால்ட் ஷேன்பெர்க்கின் எழுபதாம் பிறந்தநாளுக்குக் காணிக்கையாக்கினார். ஆசிரியர் வகுத்த பன்னிரு சுர முறையில், அதாவது எந்தச் சுரமும் ஆதாரமாகாமல் பன்னிரண்டும் சமமாக வரும் முறையில் அமைந்தது. அந்த ஐந்து கருவிகளும் ஆசிரியரின் புகழ்பெற்ற படைப்பு ஒன்றில் வருபவைதாம். ‘புதிய நிலம்’ படத்துக்கும் இசை அமைத்தவர் ஐஸ்லரே என்பதை மன்னார்குடி ஐயா சொன்னதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பலமுறை கேட்டிருக்கிறேன். முதல் முறை எனக்குப் பிடிபடவில்லை. ராகத்துக்குப் பழகிய காது, திரும்பி வருவதற்கு ஓர் ஆதார சுரத்தைத் தேடும்; இதில் அது கிடையாது. பிறகு படத்தோடு சேர்த்துப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. துளி விழும் இடத்தில் பியானோ துளி போல ஒலிப்பதும் உண்டு. ஆனால் பல இடங்களில் இசை காட்சியைப் பின்தொடராமல், அதற்குப் பக்கத்தில் தன்போக்கில் நடக்கிறது. வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு உள்ளே வேறெதையோ நினைத்து உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் போல. இந்தப் பதினான்கும் கண்ணியத்தோடு துயரப்படுவதற்கான பதினான்கு வழிகள் என்ற பொருள்பட ஐஸ்லரே பின்னாளில் சொன்னார். நாடிழந்தவர் எழுதிய மழை அது.

நீங்கள் மழைப்படம் எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டவுடன் நம்மவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அமிர்தவர்ஷினியைச் சேர்க்கச் சொல்வார்கள். எங்கள் ஊரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் பக்கம் வறண்ட நிலத்தைக் கண்டு அந்த ராகத்தில் பாடி மழை பெய்வித்தார் என்று வழங்கும் கதையை நானும் பக்தியோடுதான் மாணவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் கதையிலேயே உங்களுக்கு விடை இருக்கிறது. அது மழை இல்லாத இடத்தில் மழையைக் கேட்டுப் பாடியது. நெல் நனைந்துகொண்டிருக்கும் காட்சிக்கு அதை வைத்தால் பொருந்தாது, அந்த அம்மாவுக்கு நேர்மையாகவும் இருக்காது.

என் யோசனை: தார்ப்பாய்க் காட்சி வரையில் இசையே வேண்டாம். நம் மொழி தூறல், சாரல், தூவானம், அடைமழை, கனமழை என்று மழையை அதன் போக்கால் பிரித்து அழைக்கிறது. இவை ஒவ்வொன்றும் ஓட்டில், தகரத்தில், வாழையிலையில், சாக்கில் வேறு வேறாக ஒலிக்கும். அவற்றைத் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். தார்ப்பாயின் மேல் விழும் மழையைத் தார்ப்பாய்க்கு உள்ளேயிருந்து பதிவு செய்து பாருங்கள். குவித்த நெல்லோடு குனிந்து உட்கார்ந்திருப்பவர் கேட்கும் ஒலி அது. அதற்குப் பிறகும் இசை வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். ஒற்றை வயலின் வாசித்து அனுப்புகிறேன்.


மறுமொழி
ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

அம்மா சொன்னதற்கு மேல் இசையைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. தம்பி பின்விளைவைப் பற்றிக் கேட்டதில் ஒன்றை விட்டுவிட்டேன்.

ஈவன்ஸ் தொண்ணூறு வயதை நெருங்கும்போது, தம் துணைவி மார்சலின் லோரிடானுடன் சீனத்துக்குப் போய், 1988-இல் காற்றைப் பற்றி ஒரு படம் எடுத்தார். ஆஸ்துமாவால் மூச்சுவிடத் திணறிய முதியவர், பாலைநிலத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காற்று வருவதற்குக் காத்திருக்கிறார். மறு ஆண்டு காலமானார். மழையையாவது இருட்டுக்கு முன்னால் பார்க்கலாம். காற்றை எதற்கு முன்னாலும் பார்க்க முடியாது. அது அசைக்கும் மணலையும் துணியையும்தான் பார்க்க முடியும். முப்பது வயதில் ஆம்ஸ்டர்டாம் கூரையில் துணிக்கொடி படபடப்பதை எடுத்தவர், அறுபது ஆண்டு கழித்தும் அதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஐப்பசி வருவதற்குள் அதையும் பார்த்துவிடுங்கள்.


மறுமொழி
கடலோரத்து வாசகர், நாகப்பட்டினம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஈவன்ஸ் நண்பர்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார் என்று தஞ்சை நண்பர் எழுதியதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து ஏறி வருவது. பெரும்பாலும் எங்களுக்குக் கறுத்துச் சில நாழிகை கழித்துத்தான் உங்கள் கும்பகோணத்துக்குக் கறுக்கும். எங்கள் மாடியிலிருந்து கடல் தெரியும். மழைக்கால் தண்ணீரின் மேல் இறங்கி நிற்பதும் தெரியும். ஐப்பசி பிறந்ததும் உங்கள் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கிழக்கே கறுத்தவுடன் அழைக்கிறேன். காய்ந்த தெருவையும் நெல் பரப்பிய சாலையையும் எடுத்து முடிக்க உங்களுக்கு நேரம் இருக்கும்.

சீர்காழி, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களும் இங்கே படிக்கிறீர்கள் என்றால் பெயரைக் கொடுங்கள். வடக்கேயும் தெற்கேயும் ஒருவர் இருந்தால், காற்று எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தம்பிக்குத் தெரிந்துவிடும்.